மூட்டுவலி உள்ள அம்மாவோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகத் தோதான அருவி: திற்பரப்பு

கேட்டது இதுதான்: மதுரையிலிருந்து குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு வருகிறார்கள். கூட வரும் அம்மாவுக்கு மூட்டுவலி, பிள்ளைகள் இருவரும் பத்து வயதுக்குக் கீழே. கடற்கரையோடு திரும்பிவிடாமல் ஒரு ஆற்று அருவியையும் பார்க்க வேண்டும், ஆனால் நடை அதிகம் இருக்கக் கூடாது. உலக்கை அருவி, காளிகேசம், திற்பரப்பு என்று மூன்று பெயர் காதில் விழுந்திருக்கிறது. எது சரி, எப்போது வரலாம், குளித்தால் பயமில்லையா?

தயங்காமல் திற்பரப்புக்குப் போங்கள். வண்டியை விட்டு இறங்கினால் ஐந்து நிமிடத்தில் அருவி கண்ணில் பட்டுவிடும். காட்டுப்பாதை கிடையாது, மலையேற்றமும் கிடையாது. ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுத்து நேராக அருவிக்கு அடியில் போய் நின்று, தலை நனைந்ததும் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். திற்பரப்பில் பார்க்க வேண்டியது ஆறு. அந்த ஆற்றங்கரையில் சேர்த்துப் பார்த்தால் கால் கிலோமீட்டர் நடைதான் வரும். உங்கள் அம்மாவும் இடையிடையே உட்கார்ந்து எழுந்தால் முடித்துவிடலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இது கோதையாறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மேல் கோதையாறு காடுகளிலிருந்து இறங்கி, பேச்சிப்பாறை அணையில் தேங்கி, அதைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு இடையே கீழே வருகிறது. குற்றாலத்தில் மலை உச்சியிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும். இங்கே அண்ணாந்து பார்க்க மலை இல்லை. ஆற்றின் படுகையே ஒரே பாறை. அந்தப் பாறை மேல் ஆறு அகலமாகப் பரவி ஓடி வந்து, பாறை முடிகிற இடத்தில் ஏறக்குறைய 50 அடி கீழே விழுகிறது. அதனால்தான் ஒரு கற்றையாக விழாமல் பல பிரிவாகக் கொட்டுகிறது. தண்ணீர் குறைவான நாளில் நான்கைந்து தனித்தனி அருவிகள் போலத் தெரியும். மழைக்குப் பிறகு வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைச் சுவர்தான். குமரிக் குற்றாலம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை, குற்றாலத்தோடு இதற்கு ஒப்புமையே வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் கீழே தொடங்குகிறார்கள். நீங்கள் மேலே தொடங்குங்கள். அருவி விளிம்பிலிருந்து ஆற்றோடு மேலே போனால், கால் கிலோமீட்டருக்குள் திற்பரப்புத் தடுப்பணை வந்துவிடும். பழைய பாசன அணை, பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் திருப்புவதற்காகக் கட்டியது. தடுப்பணைக்கு மேலே ஆறு குளம் மாதிரி அசையாமல் நிற்கும். இரு கரையிலும் தென்னையும் மரங்களும் தண்ணீர் வரைக்கும் சாய்ந்திருக்கும். படகு சவாரி அந்தப் பகுதியில்தான். அம்மாவுக்கு நடை போதும் என்று தோன்றினால் பிள்ளைகளோடு படகில் ஏற்றிவிடுங்கள், அரை மணி நேரம் காலுக்கு ஓய்வு.

தடுப்பணையைத் தாண்டி வழியும் தண்ணீர் அதன்பின் பாறை மேல் போகிறது. அதைக் கரையில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். வெயில் காலத்தில் வந்தால் பாறையின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஒரு ஓரமாக ஓடும். அப்போது பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். சில குழிகள் குடம் அளவு, சில அதைவிடப் பெரிது. உட்புறம் கடைந்தெடுத்தது போல வழுவழுப்பாக இருக்கும். உளி வைத்தவர் யாருமில்லை. வெள்ளக் காலத்தில் ஒரு சிறு பள்ளத்தில் கூழாங்கல் ஒன்று மாட்டிக்கொள்ளும், நீர்ச்சுழி அதை வெளியே விடாமல் உள்ளேயே சுற்ற வைக்கும். கல் தேயும், பாறையும் தேயும். கல் தேய்ந்து முடிந்தால் அடுத்த வெள்ளம் வேறொரு கல்லைக் கொண்டுவந்து போடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிற வேலை இது. காய்ந்த குழிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

காட்டலாம், ஆனால் பாறை மேல் நடக்க விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கணுக்கால் அளவு தண்ணீர் என்று நினைத்துக் கால் வைக்கும் இடத்தில் இப்படி ஒரு குழி ஆளை விழுங்கும் ஆழத்தில் இருக்கலாம். ஓடும் தண்ணீருக்கு அடியில் அது தெரியவே தெரியாது. போதாக்குறைக்குப் பாசி வேறு. ஈரப் பாறையில் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ ஒரு பூச்சு தெரிந்தால் அது எண்ணெய் தடவிய தரைதான், எந்தச் செருப்பும் அங்கே பிடிக்காது. விளிம்புக்கு மேல் பக்கம் படம் எடுக்கப் போவதை நான் யாருக்கும் சம்மதித்துச் சொல்லமாட்டேன். வேலியும் எச்சரிக்கைப் பலகையும் காரணம் இல்லாமல் வைக்கப்படவில்லை.

அருவிக்கும் தடுப்பணைக்கும் நடுவே இடது கரையில் உயரமான மதிலோடு மகாதேவர் கோயில் இருக்கிறது. தக்கனின் யாகத்தை அழித்த வீரபத்திரர் கோலத்தில் சிவனை இங்கே வழிபடுகிறார்கள். சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தில் பன்னிரண்டு கோயில்களில் இது மூன்றாவது. முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி முடித்து, இங்கே வந்து ஆற்றில் முங்கிவிட்டு ஈர உடையோடு சன்னதிக்கு ஓடுவார்கள். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் ‘கோவிந்தா, கோபாலா’. ஓடுவது சிவன் கோயில்களுக்கு, அழைப்பது பெருமாளை. பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் முடிக்கும்போது நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்திருப்பார்கள். உங்கள் பயணம் மகா சிவராத்திரியை ஒட்டி அமைந்தால், அந்த இரண்டு நாளும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டி மெதுவாகத்தான் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மற்ற நாட்களில் கோயில் அமைதியாக இருக்கும். மதிலுக்கு உள்ளே நின்றாலும் ஆற்றுச் சத்தம் கேட்கும். உங்கள் அம்மாவுக்கு அருவியைவிட இந்த இடம் பிடித்துப்போனால் ஆச்சரியப்படமாட்டேன்.

அடுத்து, எப்போது வருவது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஆண்டில் ஏழு மாதமாவது திற்பரப்பில் நல்ல தண்ணீர் இருப்பதற்கு இதுதான் காரணம். பிப்ரவரி, மார்ச்சில் மெலிந்துவிடும், கோடை மழை பெய்தால் திடீரென்று உயிர் வரும். உங்களைப் போல வயதானவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர், இல்லாவிட்டால் டிசம்பர் பாதிக்கு மேல் ஜனவரி வரை. மழையின் வேகம் தணிந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், கொட்டுவதற்கும் குறை இருக்காது. டிசம்பர், ஜனவரியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் சேரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வாருங்கள்.

ஆனால் மாதத்தை மட்டும் நம்பி வரக் கூடாது. மேலே அணை இருக்கிற ஆறு இது. பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்டது. திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம், கட்டியவர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர். அணையின் முழு மட்டம் 48 அடி. பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீர் கால்வாயில் போய்விடும். அணை நிரம்பும் தறுவாயில் திறக்கிற உபரிநீர் கோதையாற்றில்தான் வரும். அப்படித் திறந்துவிட்டால் திற்பரப்பில் அருவி என்று ஒன்று தனியாகத் தெரியாது. நடைபாதை, கைப்பிடிக் கம்பி, சிறுவர் நீச்சல் குளம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஆறு போகும். அன்றைக்குக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பில் அணை நீர்மட்டம் தினமும் வரும். பேச்சிப்பாறை 40 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டே இருக்கிறது, மலையில் மழை விடவில்லை என்றால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். தங்கும் விடுதியில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், இந்தப் பக்கத்து மக்களுக்கு அணை மட்டம் அன்றாடப் பேச்சு. திற்பரப்பில் வெயில் அடிக்கிறதே என்று வாதாட வேண்டாம். மழை பெய்வது மலையில்.

குளிக்கும்போது கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் லேசாகச் செம்மண் நிறம் தட்டும். சருகும் சுள்ளியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வரும். இரைச்சல் கனக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். விசில் ஊதும்வரை காத்திருக்காதீர்கள். ஊதினால் ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்று நிற்கவும் கூடாது. நீர் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம், ஈரத் தரையில் நான்கு வயதுப் பிள்ளையை நடத்திக் கூட்டிவர ஆகும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

சாதாரண நாளில் பயப்பட எதுவும் இல்லை. ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனிப் பகுதி, பிடித்துக்கொள்ளக் கம்பி, உடை மாற்ற அறை எல்லாம் உண்டு. அம்மாவை அருவியின் நேர் அடியில் நிறுத்தாதீர்கள். 50 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கழுத்திலும் தோளிலும் அடிக்கிற அடி, மூட்டு தேய்ந்தவர்களுக்கு நல்லதில்லை. ஓரத்தில் தண்ணீர் பாறையில் பட்டுச் சரிந்து இறங்கும் இடங்கள் இருக்கும், அங்கே நின்றால் மெத்தென்று விழும். கீழே இறங்க ஒரு சில படிகள் உண்டு, ஈரமாகவே கிடக்கும். அவற்றில் அம்மாவுக்கு முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று போங்கள். அவருக்கு இறங்கவே மனமில்லை என்றால் மேலே பூங்காப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே முழு அருவியையும் பார்க்கலாம். சாரல் அங்கேயும் வந்து முகத்தில் படும். சின்னவர்களுக்கு நீச்சல் குளம் போதும். அருவித் தண்ணீர்தான், ஆழம் குறைவு. ஒரு பெரியவர் குளத்துக்குள்ளேயே நிற்க வேண்டும், கரையில் நின்று செல்போன் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பாக்கெட் எதையும் கொண்டுபோகாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆறு கீழே போய் மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. வழி நெடுகக் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் இதே தண்ணீர்தான். அருவிக்கடியில் கிழிந்த ஷாம்பு உறைகள் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது.

மற்ற இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். உலக்கை அருவி அழகியபாண்டியபுரம் பக்கம், மலைச்சரிவுக் காட்டுக்குள். அழகில் அதை மிஞ்ச இந்த மாவட்டத்தில் குறைவு, ஆனால் கல்லும் வேருமான பாதையில் மேடேறி நடக்க வேண்டும், மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மூட்டுவலிக்காரரைக் கூட்டிப்போகும் இடமில்லை. காளிகேசம் கீரிப்பாறையைத் தாண்டி, காளி கோயிலை ஒட்டிய காட்டாறு. அங்கே இருப்பது பெரிய அருவி இல்லை, உருண்டைக் கற்களுக்கு இடையே ஓடும் குளிர்ந்த நீர். நடை கொஞ்சம்தான். ஆனால் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போக வேண்டும், மழை நாட்களில் அனுமதி கிடைக்காது, காட்டாற்று வெள்ளம் சொல்லாமல் வரும். பிள்ளைகள் வளர்ந்தபிறகு ஒரு ஜனவரியில் இரண்டையும் பார்க்க வாருங்கள்.

வழி எளிது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாகக் காரில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். கன்னியாகுமரியிலிருந்தே கிளம்பினால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ் என்றால் நாகர்கோவில் வடசேரி நிலையத்திலோ மார்த்தாண்டத்திலோ ஏறிக் குலசேகரத்தில் மாறலாம். மார்த்தாண்டம் வழியாக வந்தால் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் வழியிலேயே. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில்தான் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது.

காலையில் சீக்கிரம் புறப்பட்டு எட்டு மணிக்குள் குலசேகரத்தைத் தொட்டுவிடுங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று ரப்பர். சாலையின் இருபுறமும் தோட்டம்தான், விடியும் முன்பே பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கோடு, அதன் முனையில் சின்னத் தகரம், அதற்குக் கீழே கம்பியில் தொங்கும் சிரட்டை (கொட்டாங்குச்சி). வெட்டுக்கோட்டில் பால் வெள்ளையாக ஊறி, வழிந்து, தகர நுனியில் ஒரு நொடி நின்று சொட்டும். வெயில் ஏறினால் ஒழுக்கு நின்றுவிடும், அப்புறம் பாலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழைக்காலமென்றால் ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கும், மழைத்தண்ணீர் பாலில் கலக்காமல் இருக்க. வண்டியை ஓரமாக நிறுத்தி, வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிரட்டைக்குள் விரலை விட வேண்டாம், அது அவர்கள் கூலி.

குளித்தபின் பசி பிடுங்கும். மரச்சீனிக் கிழங்கும் (உங்கள் ஊர் மரவள்ளி) மீன்கறியும் குலசேகரத்துக் கடைகளில் கிடைக்கும், அருவிப் பக்கத்தில் பழம்பொரியும் சுக்குக்காப்பியும். மட்டிப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள், புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் வாழை அது. விரல் நீளம்தான் இருக்கும், மணம் பெரிது.

மதியத்துக்கு மேல் நேரம் மிச்சமிருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கி நிற்கும், பாசனத் தண்ணீர் போகும் தொட்டி, 1966-இல் கட்டி முடித்தது. மாத்தூர்ப் பக்கம் இறங்கினால் சாலை மட்டத்திலிருந்தே பாலத்தில் நடக்கத் தொடங்கலாம், அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். அடுத்த முனையில் ஆற்றுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டு இருக்கிறது, அதை மட்டும் அவர் விட்டுவிடட்டும். பாதி தூரம் போய்த் திரும்பினாலே போதும், நடுவில் நின்றால் கீழே ஆறும் சுற்றிலும் தென்னந்தோப்பும் தெரியும். காற்று பலமாக வீசும், சின்னவனின் கையை விடாதீர்கள்.